வேலை ஓய்ந்த வேளையிலே!

பிரெஞ்சு மொழியிலே வேலைநிறுத்தத்தைக் குறிக்க ஒரு சொல் வழங்குகிறது—கிரேவ். உரிமை கேட்டுத் தொழிலாளர் ஒன்றுபட்டு வேலையை நிறுத்துவதற்கு இன்று அதுதான் பெயர். ஆனால், அந்தச் சொல் பிறந்தது உரிமை முழக்கத்திலே அல்ல; வேலையற்றோரின் பெருமூச்சிலே!

பாரிஸ் நகராண்மை மாளிகைக்கு எதிரே, சேன் ஆற்றை ஒட்டி ஒரு திடல். மணலும் கூழாங்கல்லும் பரவிக் கிடந்த கரை என்பதால் 'கிரேவ் சதுக்கம்' என்று அதற்குப் பெயர். மன்னராட்சிக் காலத்தில் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்ட இடம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சியாளர் அதன் பெயரை மாற்றினர். மக்கள் நாவிலோ பழைய பெயரே நிலைத்தது. பொழுது புலருமுன் அங்கே கூட்டம் கூடும். கொத்தனார் நிற்பார், கல் தச்சர் நிற்பார், சாந்து சுமக்கும் சித்தாள் நிற்பான். ஆள் பிடிக்க வருவான் மேஸ்திரி. தோளைப் பார்ப்பான், தோற்றத்தைப் பார்ப்பான், கூலியைக் குறைத்துப் பேசுவான். இசைந்தவன் பின்னே செல்வான். இசையாதவனும் அழைக்கப்படாதவனும் அங்கேயே நிற்பார்கள். 'கிரேவிலே இருக்கிறான்' என்றால், 'வேலையின்றி இருக்கிறான்' என்று பொருள். நாளடைவில், 'இந்தக் கூலிக்கு வாரோம்' என்று கூடி நின்றவர்களுக்கும் அதே சொல் வழங்கலாயிற்று.

வாடி நின்றவன் நிலையைச் சொன்ன சொல், கூடி நின்றவர் நிலையைச் சொல்லும் சொல்லாயிற்று! இந்த மாற்றத்தை உண்டாக்கியது எது? அந்தச் சதுக்கத்திலே நின்ற ஒரு கொத்தனாரின் வாழ்க்கை வழியாக அதைக் காண விழைகிறோம்.

★

பொருளாதாரம் தடுமாறும்போதெல்லாம் முதலில் ஓய்வனவற்றுள் ஒன்று, உளியின் ஓசையும் கரண்டியின் ஓசையும். காரணம் மறைபொருள் அன்று. உணவு வாங்குவதை ஒருவன் நாளைக்கென்று ஒத்திப் போட முடியாது. வீடு கட்டுவதை ஐந்தாண்டு ஒத்திப் போடலாம். பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் கடன் பணத்தில் எழுவன. வட்டி ஏறினால், வங்கி கை விரித்தால், அரைச் சுவரோடு நிற்கும் கட்டடம், அரை வயிற்றோடு நிற்பான் தொழிலாளி! ஆலைத் தொழிலாளிக்கு ஆலை என்ற ஓர் இடமாவது உண்டு. கட்டடத் தொழிலாளிக்கோ, கட்டடம் முடிந்தவுடன் வேலையும் முடிந்தது. திறமையாக, விரைவாக வேலை செய்தால், அவ்வளவு விரைவில் வேலையற்றவனாகிறான். தன் உழைப்பாலே தன் வேலையைத் தீர்த்துக் கட்டும் விந்தைத் தொழில் அது! போதாக்குறைக்குப் பருவத்தின் கொடுமை. பாரிசிலே உறைபனி விழுந்தால் சாந்து வேலை நிற்கும்.

இவ்வளவு தெளிவான காரணங்கள் இருக்க, வேலை இழந்தவனைப் பார்த்து உலகம் என்ன சொல்லிற்று? 'சோம்பேறி' என்றனர் செல்வர். 'சோதனை' என்றனர் சமயம் பேசுவோர். 'விதி' என்று வீட்டிலிருந்தோரும் சொன்னார்கள். வட்டி ஏறியதை விதி என்று சொல்வதைவிட வங்கிக்காரனுக்கு வசதியான தத்துவம் வேறு உண்டா? காரணத்தைக் காணாதவரை கண்ணீர்தான் மிச்சம். காரணம் கண்டவர்களே வழியும் கண்டனர்.

★

பிரான்சின் நடுப்பகுதியில் குரூஸ் என்றொரு மாவட்டம். மண் வளமற்றது, மக்கள் வளமற்றவர். இளவேனில் பிறந்ததும் ஆண்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டுக் கிளம்புவர். பாரிசிலே கட்டட வேலை செய்வர். பனிக்காலம் வந்ததும் ஊர் திரும்புவர். பாரிஸ் நகரின் மாடங்களைக் கட்டியவர்கள் அவர்கள். படுத்ததோ, ஒரே அறையில் பல கட்டில், ஒரு கட்டிலுக்கு இருவர் என்ற கணக்கில். மாளிகை எழுப்பியோரை அந்த மாநகரம், 'செஸ்ட்நட் கொட்டை தின்னிகள்' என்று எள்ளி நகையாடிற்று.

அந்தக் குரூஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1815-இல் பிறந்தவர் மார்ட்டின் நாடோ. தந்தையும் கொத்தனார். 'என் மகன் படிக்க வேண்டும்' என்றார் தந்தை. 'படிப்பு எதற்கு? வயலில் வேலை இருக்கிறது. நாம் படித்தா பிழைத்தோம்?' என்று மறுத்தார் பாட்டனார். தாயும் அவர் பக்கமே நின்றார். தந்தை விடவில்லை. சிறுவன் எழுத்தறிந்தான்.

பாட்டனாரின் அந்தக் குரல் நமக்குப் புதிதன்று. அரை நாள் பள்ளி, அரை நாள் தந்தையின் தொழில் என்று 1953-இல் சென்னை மாநிலத்தில் ஒரு திட்டம் வந்ததே, 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டி நாம் எதிர்த்தோமே, 1954-இல் அது கைவிடப்பட்டதே—அந்தத் திட்டத்திலும் அதே குரல்தான் ஒலித்தது. பாட்டனாராவது வறுமையால் பேசினார். திட்டமிட்டோர் எதனால் பேசினர் என்பதை நாடறியும்.

1830-ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், தந்தையுடன் பாரிசுக்குப் புறப்பட்டார் நாடோ. வழியின் பெரும்பகுதி கால்நடை. சித்தாளாகச் சேர்ந்தார், சாந்து சுமந்தார், ஏணி ஏறினார். ஒரு நாள் உயரத்திலிருந்து விழுந்தார். இரு கைகளும் முறிந்தன. கைகளே முதலாக உள்ளவனுக்குக் கைகள் முறிந்தால் என்ன மிச்சம்? அந்நாளிலே, முதலாளியின் தவறு என்று தொழிலாளி மெய்ப்பித்தாலன்றி ஒரு காசும் கிடைக்காது. சாரம் சரிந்து விழுந்தவன், சான்று தேடி ஓட வேண்டும்! இந்தக் கொடுமையை அந்த இளைஞர் மறக்கவில்லை. பிறகு வரும் அந்தக் கதை.

உடல் தேறினார், கரண்டி பிடித்தார், கொத்தனாரானார். தந்தையின் கடன் குடும்பத்தின் கழுத்தை நெரித்தது. மகனின் கூலி வட்டிக்குப் போயிற்று. வேலை இல்லாத நாட்களில் கிரேவ் சதுக்கத்தில் நின்றார். பண்டைய அடிமைச் சந்தையின் எச்சம் அது என்று முதுமையில் எழுதிய நினைவுகளில் மனம் நொந்து குறிப்பிட்டார்.

நின்றவர்கள் பல்லாயிரவர். ஆனால் நாடோ ஒன்று கண்டார்: மேஸ்திரி எழுதியதே கணக்கு, சொன்னதே கூலி என்று ஏன் இருக்கிறது? எழுத்தும் கணக்கும் அவனிடம் மட்டுமே இருப்பதால்! சுவரின் நீள அகலம் அளந்து பெருக்கத் தெரிந்தவனை ஏய்ப்பது அரிது. வரைபடம் படிக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு தளத்தில் வேலை ஓய்ந்தால் வேறு தளத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. செய்தித்தாள் படிப்பவன், எங்கே வேலை தொடங்குகிறது, எங்கே முடங்குகிறது என்று முன்கூட்டி அறிவான்.

எனவே 1838-ஆம் ஆண்டளவில் தம் அறையிலேயே ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கினார். பகலெல்லாம் சாரத்தின்மீது நின்றவர்கள், இரவிலே பலகையின்முன் அமர்ந்தனர். சாந்து படிந்த விரல்கள் எழுத்தை எழுதிப் பழகின. கற்பித்தவரும் கொத்தனார், கற்றவரும் கொத்தனார்! காபே என்ற பொதுவுடைமையாளர் நடத்திய ஏட்டைத் தோழர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார் நாடோ. பாரிஸ் மாணவர் பல்கலைக்கழகத்தில் கற்ற அரசியலைப் பாரிஸ் கொத்தனார் மதுக்கடை மேசையில் கற்றனர்.

★

பள்ளி வளர்ந்தது, எழுத்தறிந்தோர் பெருகினர். ஆனால் 1846-க்குப் பிறகு பெரும் புயல் வீசிற்று. விளைச்சல் பொய்த்தது, உணவு விலை ஏறிற்று, இரயில்வேப் பங்குகளில் கொட்டிய பணம் முடங்கிற்று, கடன் கொடுப்போர் கதவடைத்தனர். கட்டட வேலை நின்றது. எழுத்தறியாத கொத்தனாரும் சதுக்கத்தில் நின்றார். எழுத்தறிந்த கொத்தனாரும் சதுக்கத்தில் நின்றார்!

இங்கேதான் நாம் ஒரு பாடத்தை உணர வேண்டும். தொழிற்கல்வி வேண்டும், பல வேலை பழக வேண்டும், மறுப்பார் இல்லை. ஆனால் பத்துப் பேருக்கு வேலை இருக்கும் இடத்தில் நூறு பேர் திறமை பெற்றால், திறமையுள்ள தொண்ணூறு பேர் வேலையற்று நிற்பார்கள். 'நீ திறமையை வளர்த்துக் கொள்' என்று தனி மனிதனிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக் கொள்வது, மழையில் நிற்பவனிடம் 'குடை வாங்கிக் கொள்' என்று சொல்வதற்கு ஒப்பு. குடை ஒருவனைக் காக்கும். கூரை வேய்ந்தாலன்றி ஊர் நனையாமல் இராது. கல்வி குடை, சட்டம் கூரை.

அந்தக் கூரையைக் கேட்டு எழுந்தது 1848 பிப்ரவரிப் புரட்சி. 24-ஆம் நாள் மன்னன் லூயி பிலிப் முடி துறந்தான். மறுநாளே புதிய அரசு, குடிமகன் ஒவ்வொருவனுக்கும் உழைப்புக்கு உறுதியளிப்பதாக ஆணையிட்டது. உலக வரலாற்றில், வேலை கேட்பது பிச்சையன்று, உரிமை என்று ஓர் அரசு எழுதிக் கொடுத்த நாள் அது! மார்ச் 2-ஆம் நாள் மற்றோர் ஆணை: பாரிசில் வேலை நேரம் பதினொரு மணியிலிருந்து பத்து மணியாகக் குறைந்தது, ஆள் பிடித்துக் கொடுத்து இடையிலே கூலியைச் சுரண்டும் உள்குத்தகை முறை ஒழிந்தது. கட்டடத் தொழிலாளியின் நெடுநாளைய சாபம் அந்த உள்குத்தகை முறை.

வேலையற்றோர்க்கென 'தேசியத் தொழிற்கூடங்கள்' தோன்றின. வேலை தரப்பட்ட நாளுக்கு 2 பிராங்கு. வேலை இல்லாத நாளுக்கு முதலில் ஒன்றரை, பிறகு ஒரு பிராங்கு. ஜூன் மாதத்திலே, பெயர் பதிந்தோர் 1,00,000-க்கும் மேல்! ஆனால் என்ன வேலை தந்தனர்? கொத்தனார் கையிலும் மண்வெட்டி, நகைத் தொழிலாளி கையிலும் மண்வெட்டி, தையற்காரர் கையிலும் மண்வெட்டி. திடலைச் சமன் செய்யச் சொன்னார்கள். சாலையோரத்தில் மரம் நடச் சொன்னார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் தொழிலாளரே நடத்தும் கூட்டுறவுக்கூடம் வேண்டும் என்பது லூயி பிளாங்க் வகுத்த திட்டம். அவர் திட்டத்தின் பெயரை எடுத்துக் கொண்டு, அவர் கருத்துக்குப் பகைவரான அமைச்சரிடம் பொறுப்பை ஒப்படைத்தனர்! பள்ளி கட்டியிருக்கலாம், மருத்துவமனை கட்டியிருக்கலாம், ஏழையர்க்கு வீடு கட்டியிருக்கலாம். கட்டத் தெரிந்த கைகள் காத்திருந்தன. கட்டும் எண்ணந்தான் இல்லை. பிறகு, 'பார்த்தீர்களா, சோம்பேறிகளுக்குச் சோறு போடுகிறோம்' என்று சீமான்கள் கூவினர்.

ஜூன் 21-ஆம் நாள் ஆணை வந்தது: பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ள மணமாகாதோர் படையில் சேர வேண்டும், மற்றையோர் வெளி மாவட்டங்களுக்கு மண் வேலைக்குப் போக வேண்டும். 'வேலை அல்லது ரொட்டி' என்று கேட்டவர்க்குத் துப்பாக்கி பதில் சொல்லிற்று. ஜூன் 23 முதல் 26 வரை பாரிஸ் தெருக்களில் இரத்தம் ஓடிற்று. தளபதி காவைஞாக் தடையரண்களைப் பீரங்கியால் தகர்த்தான். மாண்டோர் ஆயிரக்கணக்கானோர், சிறைப்பட்டோர் பல்லாயிரவர், கடல் கடத்தப்பட்டோர் பலர். பத்து மணி நேர ஆணையும் செப்டம்பரில் பறிபோயிற்று.

முடிந்ததா கதை? இல்லை. அந்த ஆண்டிலேயே பாரிஸ் கொத்தனார் சிலர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்; நாடோவும் அதில் பங்கு கொண்டார். மேஸ்திரியிடம் கை கட்டி நிற்காமல், தாமே ஒப்பந்தம் எடுத்து, தாமே கட்டி, தாமே பங்கிட்டுக் கொள்ளும் சங்கம். 1860-களிலும் அது பெயரோடு விளங்கிற்று. இரவுப் பள்ளியில் கற்ற கணக்கு வீண் போகவில்லை!

★

1849-இல் குரூஸ் மக்கள் நாடோவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். சித்தாளாகப் பாரிசுக்கு நடந்து வந்தவர், மன்றத்தில் எழுந்து பேசினார். கட்டட வேலை நடந்தால், பாரிசிலே எல்லாத் தொழிலும் அதனால் பயன் பெறும் என்று 1850-இல் அவர் எடுத்துரைத்தார். அந்தக் கருத்து பிரெஞ்சு நாட்டுப் பழமொழியாகவே ஆகிவிட்டது. சுவர் எழும்பினால் சூளையில் செங்கல் வேகும், தச்சர்க்கு மரம் வேண்டும், கொல்லர்க்கு இரும்பு வேண்டும், சோற்றுக் கடையில் அடுப்பெரியும். மந்த காலத்தில் அரசு கட்டட வேலையை நடத்த வேண்டும் என்பது தொழிலாளிக்கு இடும் பிச்சையன்று. நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஊட்டும் உயிர் என்பதைக் கொத்தனார் ஒருவர் அன்றே கண்டறிந்தார்.

1851 டிசம்பர் 2-ஆம் நாள் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தான். நாடோ சிறைப்பட்டார்; நாடு கடத்தப்பட்டார். பெல்ஜியம் சென்றார்; அங்கிருந்து இலண்டன் சென்றார். மொழி தெரியாது, முகம் தெரியாது. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் மீண்டும் கட்டடக் கூலியானார். மானக்கேடு என்று மயங்கவில்லை, ஆங்கிலம் கற்றார். பின்னர் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் ஆசிரியரானார். கரண்டி பிடித்த கை சுண்ணக்கட்டி பிடித்தது! பாட்டனார் 'எதற்கு?' என்று கேட்ட படிப்பு, பதினெட்டு ஆண்டு ஏதிலி வாழ்வில் சோறு போட்டது. அங்கே கண்ட தொழிற்சங்கங்களைக் கருத்தூன்றிப் பயின்று, இங்கிலாந்துத் தொழிலாளர் வரலாற்றை 1872-இல் நூலாக வெளியிட்டார்.

1870-இல் பேரரசு வீழ்ந்தது. நாடோ தாயகம் திரும்பினார். 1876-இல் மீண்டும் சட்டமன்றம். நாற்பதாண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் சுமந்த கேள்வியை 1880-இல் மசோதாவாக வைத்தார்: விபத்து நேர்ந்தால், தவறு தன்னுடையதன்று என்று முதலாளி மெய்ப்பிக்கட்டும், அடிபட்டவனை ஏன் அலைக்கழிக்கிறீர்? பதினெட்டு ஆண்டுகள் இழுத்தடித்தனர். 1898 ஏப்ரல் 9-ஆம் நாள், வேலையில் நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் பிரான்சில் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கண் மூடினார் நாடோ. கைகள் முறிந்து கிடந்த சித்தாளின் வழக்கு, தீர்ப்புப் பெற அறுபதாண்டுகளுக்கு மேலாயிற்று!

★

விபத்துக்குச் சட்டம் வந்தது. வேலையின்மைக்கு? அதற்கு விடை, நாடோ ஏதிலியாக வாழ்ந்த இங்கிலாந்தில் பிறந்தது. வேலையின்மை என்பது தொழிலாளியின் குணக்கேடு அன்று, தொழில் அமைப்பின் குறை என்று 1909-இல் ஒரு நூல் எழுதி நிறுவினார் பெவரிட்ஜ். 1910-இல் அரசு வேலைவாய்ப்பு நிலையங்கள் திறந்தன. சதுக்கத்தில் நின்று தோளைக் காட்டுவதற்குப் பதிலாக, ஏட்டிலே பெயர் பதியும் முறை வந்தது. 1911-இல் தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்தது. தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை. எல்லாத் தொழிலுக்கும் அல்ல. அடிக்கடி வேலை ஓயும் சில தொழில்களுக்கே முதலில் தந்தனர். அவற்றுள் முன்னிற்பது எது? கட்டடத் தொழில்! சோம்பேறி என்று ஏசிய உலகம், சோம்பலன்று காரணம் என்று சட்டத்திலேயே ஒப்புக் கொண்டது.

தமிழ்நாட்டிலும் நகரத்து நாற்சந்திகளில் விடியற்காலையில் கரண்டியும் மட்டப்பலகையும் ஏந்தி நிற்போரைக் காண்கிறோம். அவர்களுக்கும் சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. சங்கம் கண்டு போராடிப் பெற்றனர். உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் இயற்றப்பட்டது; கட்டடத் தொழிலாளர்க்கு நல வாரியம் அமைந்ததோ 1994-இல். கட்டடச் செலவிலிருந்து தீர்வை வாங்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிட 1996-இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் நாடெங்கும் வேலை நின்றபோது, வாரிய ஏட்டில் பெயர் இருந்தவருக்கு உதவித்தொகை சென்றது. பெயர் இல்லாதவருக்கு அந்தத் தொகை கிட்டவில்லை. ஏட்டில் எழுதிய ஒரு வரி எவ்வளவு பெரிது என்பதை அந்நாட்கள் காட்டின.

இளைஞர்களே! படிப்பகம் நடத்துகிறீர்கள், மன்றம் நடத்துகிறீர்கள், மாலையில் கூட்டம் போடுகிறீர்கள். நன்று. அந்தப் படிப்பகத்தின் ஒரு மூலையிலே சித்தாளுக்கும் இடம் தாருங்கள். வரைபடம் படிக்க, அளவு பெருக்க, கூலிக் கணக்கு எழுத, ஒரு வேலை ஓய்ந்தால் மறு வேலை செய்யக் கற்றுக் கொடுங்கள். சித்தாளாகவே காலமெல்லாம் சாந்து சுமக்கும் பெண்களைக் கொத்தனாராக்குங்கள். கரண்டிக்கு ஆண் பெண் தெரியாது! வாரியத்தில் பெயர் பதிந்திருக்கிறதா, புதுப்பித்தாயிற்றா என்று கேட்டு, எழுதிக் கொடுத்து, உடன் சென்று முடித்துத் தாருங்கள். அது குடை. அத்தோடு நில்லாமல், வேலை ஓயும் காலத்தில் அரசு வீடும் பள்ளியும் கட்ட வேண்டும், வேலையற்ற நாளுக்கு உதவி வேண்டும் என்று சங்கமாகக் கூடிக் குரல் எழுப்புங்கள். அது கூரை.

'விதி' என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பியவர்களை வரலாறு குறிக்கவில்லை. 'ஏன்?' என்று கேட்டுச் சதுக்கத்தில் கூடி நின்றவர்களையே அது குறித்து வைத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கூரை வேய்ந்த கைகள், தமக்கும் ஒரு கூரை வேயும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த வேலைக்கு ஓய்வு கிடையாது!